மண்ணில் எவ்வளவு, உடலில் எவ்வளவு? பழைய சுரங்க நிலங்களின் ஆபத்தை அளப்பது பற்றி

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளின் சரிவில் ஷிப்பம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே துத்தநாகக் கனிமம் தோண்டினார்கள். சுரங்கம் மூடப்பட்டு, குழிகள் தூர்ந்து, அவற்றின் மேல் வீடுகளும் தோட்டங்களும் வந்துவிட்டன. 1970களின் இறுதியில் அந்தத் தோட்ட மண்ணைச் சோதித்தபோது, சில இடங்களில் ஒரு கிலோ மண்ணுக்குச் சில நூறு மில்லிகிராம் காட்மியம் இருந்தது தெரியவந்தது. சாதாரண மண்ணில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

ஜப்பானின் தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த நெல்வயல்களிலும் காட்மியம்தான் சிக்கல். ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கமியோக்கா சுரங்கத்திலிருந்து அது வந்தது. ஆனால் அந்த வயல்களின் மேல்மண்ணில் இருந்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே.

மண் அறிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவர் ஷிப்பத்தைத்தான் உடனே காலி செய்யச் சொல்வார். நடந்தது நேர்மாறு. எலும்பு மென்மையாகி, சிறுநீரகம் பழுதாகி, இருமினால்கூட எலும்பு முறியும் நிலைக்குப் பெண்கள் ஆளானது தோயாமாவில். ‘இதாய் இதாய்’ என்று உலகம் அறிந்த அந்த நோயை ஜப்பான் அரசு 1968இல் மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது. ஷிப்பத்தில் அப்படி எதுவும் நிகழவில்லை.

மூடிய சுரங்கங்களைச் சுற்றியுள்ள மண்ணின் ஆபத்தை மதிப்பிடும்போது ‘மண்ணில் எத்தனை மில்லிகிராம்’ என்ற கேள்வி எவ்வளவு தூரம் உதவும்? எந்த இடத்தில் அது கைவிடும்? கைவிடும் இடத்தில் வேறு எதை நம்பலாம்? இக்கட்டுரை ஆராய்வது இவற்றைத்தான்.

வரம்பு எண்களின் பிறப்பு

சுரங்கம் இருக்கும் இடம் இயல்பிலேயே உலோகம் மிகுந்த இடம். தோண்டுவதற்கு முன்பே அங்கே ஆர்சனிக்கோ ஈயமோ மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். எனவே ‘இயல்பு நிலை’ என்பதை எங்கே அளப்பது என்பதே முதல் தகராறு. இதைச் சுற்றிச் செல்லப் பெரும்பாலான நாடுகள் வரம்பு எண் ஒன்றை வைத்துக்கொண்டன. அந்த எண்ணைத் தாண்டினால் மேலாய்வு, தாண்டாவிட்டால் கோப்பு மூடல்.

அந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு 1994 முதல் வைத்திருந்த 400 மில்லிகிராம் என்ற அளவை 2024 ஜனவரியில் 200ஆகக் குறைத்தது. மண் மாறவில்லை, குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் கவலைக்குரியது என்ற அறிவு மாறியது. ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று இருந்த அந்த அளவு 2012இல் 5ஆகவும் 2021இல் 3.5ஆகவும் இறங்கியது. நேற்று வரை ‘சுத்தம்’ எனச் சான்று பெற்ற தோட்டம் ஒரே இரவில் ஆய்வுக்குரியதாகிவிட்டது.

வரம்பு எண் ஒரு சல்லடைதான். அதைத் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம் பத்திரிகைகளிடமும் உண்டு, அதிகாரிகளிடமும் உண்டு. முன்னவர்கள் எண் தாண்டியதும் ‘விஷ பூமி’ என்கிறார்கள். பின்னவர்கள் எண் தாண்டாததும் ‘அபாயம் இல்லை’ என்கிறார்கள்.

ஷிப்பம் ஏன் பிழைத்தது

ஷிப்பத்து மண் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. கார இயல்புள்ள மண்ணில் காட்மியம் துகள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் உறிஞ்சும் நீரில் எளிதில் கரையாது. போதாததற்கு, காட்மியத்தோடு துத்தநாகமும் ஏராளமாக இருந்தது. பயிருக்குள் நுழைவதில் இரண்டும் போட்டியிடும். மக்களும் தோட்டக் காய்கறியை மட்டுமே நம்பி வாழவில்லை. ரொட்டியும் இறைச்சியும் பாலும் வெளியிலிருந்து வந்தன. ஆய்வாளர்கள் ஊராரின் உணவை அளந்தபோது, சராசரியாக வாரத்துக்குச் சுமார் 200 மைக்ரோகிராம் காட்மியம் உட்கொள்வது தெரிந்தது. அன்றைய சர்வதேச வரம்பு 400 முதல் 500. சிறுநீரில் காட்மியம் ஒப்பீட்டு ஊரைவிடச் சற்றுக் கூடுதல், நோயாக உருவெடுக்கவில்லை. இறப்புப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ரத்த அழுத்தம், மூளை ரத்தக்குழாய், சிறுநீரகம் சார்ந்த இறப்புகளில் சிறிய மிகுதி மட்டுமே தென்பட்டது.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்துவது பலருக்கு வசதி. ‘மண்ணில் எத்தனை நூறு இருந்தாலும் பயமில்லை’ என்பதற்கு ஷிப்பம் மேற்கோளாகிவிடும். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் காட்மியத்துக்கு வகுத்த வரம்பு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150. அன்று வரம்புக்கு வெகு கீழே இருந்த அதே 200, இன்று வரம்புக்கு மேலே போய்விட்டது. இறப்புப் பட்டியலில் ‘சிறிய மிகுதி’ என்று ஒதுக்கப்பட்ட வரிகளை இந்த வெளிச்சத்தில் மறுபடி படித்துப் பார்ப்பது நியாயம்.

தோயாமா ஏன் பிழைக்கவில்லை

தோயாமாவில் எல்லாம் தலைகீழ். அங்கே உணவென்றால் அரிசி, அதுவும் சொந்த வயலில் விளைந்தது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் காட்மியம் கொண்ட அரிசியை ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் உண்டால், 300 மைக்ரோகிராம் உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இன்று ஏற்கும் அளவுப்படி 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 42தான் எல்லை. பல ஆண்டுகள் இப்படி உண்டு, பல பிள்ளைகளைப் பெற்று, சுண்ணாம்புச் சத்து வற்றிய, மாதவிடாய் நின்ற பெண்களின் உடல்களே முதலில் ஒடிந்தன.

மண்ணின் வேதியியலும் அவர்களுக்கு எதிராக நின்றது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று புகாது. காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாகி அடங்கிக் கிடக்கும். கதிர் முற்றும் நேரத்தில் அறுவடைக்காக நீரை வடித்தால் காற்று நுழையும், சல்ஃபைடு சிதையும், காட்மியம் கரையும். நெல்மணி பால் பிடித்து இறுகும் பருவமும் அதுதான். ஒரே வயல், ஒரே மண் மாதிரி. ஆனால் நீர் நின்ற ஆண்டில் ஓர் அரிசி, காய்ந்த ஆண்டில் வேறோர் அரிசி.

ஜப்பானிய உழவர்களுக்குப் பின்னாளில் சொல்லப்பட்ட எளிய வழி, கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னுமாகச் சில வாரங்கள் வயலில் நீரை நிறுத்திவைப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நீர் நின்றால் காட்மியம் அடங்கும், ஆர்சனிக் கிளம்பும். நீர் வடிந்தால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். தமிழக உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று சொல்லும் நீர்ச் சிக்கன முறை ஆர்சனிக் மிகுந்த மண்ணில் நன்மை. காட்மியம் மிகுந்த மண்ணில் அதுவே தீமையாகலாம். மண்ணில் இரண்டும் இருந்தால் எந்த உலோகத்துக்கு அஞ்சுவது என்று முடிவெடுத்த பிறகுதான் மடையைத் திறக்க முடியும். ஆய்வக அறிக்கையின் மொத்த அளவு எண் இந்த முடிவுக்கு எள்ளளவும் உதவாது.

ஒரு மணி நேர வயிறு

மொத்த அளவுக்கும் உடலில் சேரும் அளவுக்கும் உள்ள இடைவெளியை ஈயத்தில் இன்னும் துல்லியமாகக் காணலாம். பழைய சுரங்கத்துக்கு அருகில் விளையாடும் குழந்தை, கையிலும் வாயிலுமாக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மண்ணையும் தூசையும் விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடுகளில் வழக்கமாக வைக்கும் அனுமானம் 100 முதல் 200 வரை. மண்ணில் ஈயம் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்றால் விழுங்கும் ஈயம் 100 மைக்ரோகிராம். அமெரிக்க முகமையின் பொது அனுமானப்படி அதில் 30 விழுக்காடு, அதாவது 30 மைக்ரோகிராம், ரத்தத்தில் சேரும்.

இந்த 30 விழுக்காடு எல்லா மண்ணுக்கும் பொருந்துமா என்று அறிய இளம் பன்றிகளுக்குச் சுரங்க மண்ணைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிக்குட்டியின் குடல் குழந்தையின் குடலுக்கு நெருக்கமானது. எளிதில் கரையும் ஈய உப்போடு ஒப்பிட்டபோது, சில மண்ணிலிருந்து ஈயம் முழுமையாகவே சேர்ந்தது. கொலராடோவின் லெட்வில் சுரங்கப் பகுதிக் கழிவுமண் ஒன்றில் 6 விழுக்காடு அளவுக்குத்தான் சேர்ந்தது. கரையும் உப்பிலேயே பாதிதான் ரத்தத்தில் சேரும் என்பது அனுமானம் என்பதால், அந்த மண்ணாக இருந்தால் மேற்சொன்ன குழந்தையின் ரத்தத்தில் சேர்வது 30 அல்ல, 3 மைக்ரோகிராம். ஈயம் எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது என்பதே வித்தியாசத்துக்குக் காரணம். கந்தகத்தோடு கட்டுண்ட கலீனா, இரைப்பை அமிலத்தில் மெதுவாகவே கரையும். காற்றும் மழையும் பட்டு அது கார்பனேட்டாக மாறியபின் விரைவில் கரையும். உருக்காலைப் புகையில் பறந்துவந்து படிந்த நுண்தூள் இன்னும் மோசம்.

ஒவ்வோர் ஊருக்கும் பன்றி வளர்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே குடுவைச் சோதனை வந்தது. மண்ணை 150 மைக்ரானுக்கும் நுண்ணிய சல்லடையில் சலிக்கிறார்கள். விரலில் ஒட்டுவது அந்த நுண்மண்தான், கூழாங்கல் அல்ல. ஒரு கிராம் எடுத்து, கிளைசின் கலந்து இரைப்பை அளவுக்குப் புளிப்பேற்றிய 100 மில்லிலிட்டர் கரைசலில் இட்டு, 37 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சுழலவிடுகிறார்கள். வடிகட்டிய நீரில் எவ்வளவு ஈயம் இறங்கியிருக்கிறதோ அது வயிற்றில் கரையக்கூடிய பங்கு. ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இந்தச் சோதனை விலங்கு ஆய்வுகளோடு நன்றாக ஒத்துப்போகிறது. காட்மியத்துக்கு அதே உறுதியோடு சொல்ல முடியாது.

சுரங்க நிறுவனங்களுக்கு இந்தச் சோதனை பிடித்துப்போனதில் வியப்பில்லை. மண்ணை அள்ளாமலே ஆபத்தைப் பத்தில் ஒன்றாக்கிக் காட்டலாம் அல்லவா? ஆனால் சோதனையின் முடிவு இன்றைய மண்ணுக்கு உரியது. இன்றைய கலீனா முப்பது ஆண்டு மழையில் நாளைய கார்பனேட். அறிவியல் சரிதான், அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்பதை அறிக்கைகள் அரிதாகவே எழுதுகின்றன.

கணக்கில் வரும் குழந்தை

சூத்திரத்துக்குள் ஓர் அனுமானக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அது சிமெண்டுத் தரையில் வளர்கிறது, வேளாவேளைக்கு உண்கிறது, ரத்தசோகை இல்லை. இரும்புச் சத்துக் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் இன்னும் கூடுதல். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அமெரிக்கக் குழந்தைக்காக வகுத்த வரம்பை இங்கே அப்படியே ஒட்டவைக்கும்போது, மண் அளவீடு துல்லியமாக இருந்தும் விடை தவறாகிவிடும்.

ஜாம்பியாவின் கப்வே நகரம் இதற்குக் கடுமையான சான்று. அங்கே ஈயமும் துத்தநாகமும் 1994 வரை ஏறத்தாழ 90 ஆண்டுகள் வெட்டி உருக்கப்பட்டன. சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு குழந்தைகூட அப்போதைய 5 மைக்ரோகிராம் எல்லைக்குக் கீழே இல்லை. சிலருக்கு 150க்கும் மேல். சுரங்கம் மூடி இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும் அதன் தூசு அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்தது. மண்வாசலும் வறண்ட காற்றும் சேரும் இடத்தில் ஆய்வாளர் முதலில் அளக்க வேண்டியது ரத்தத்தை. நோயாளியே கண்ணெதிரே நிற்கும்போது மாதிரிச் சூத்திரம் எதற்கு?

மனிதர் அல்லாதவர்கள்

சுற்றுச்சூழல் ஆபத்து என்பது மனித ஆபத்து மட்டுமல்ல. ஆய்வகத்தில் மண்புழுவை வைத்துச் செய்யும் சோதனைகளில் பெரும்பாலும் சுத்தமான மண்ணில் உலோக உப்பைப் புதிதாகக் கரைத்து ஊற்றுகிறார்கள். நூறாண்டு முதிர்ந்த சுரங்க மண்ணில் அதே அளவு உலோகம் இருந்தாலும் புழுவுக்கு அவ்வளவு நஞ்சாக இருக்காது. அந்தச் சோதனையிலிருந்து வரும் வரம்புகள் மிகையாக எச்சரிக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெல்ஜியம், ஜெர்மனி எல்லைப் பகுதியின் பழைய துத்தநாகச் சுரங்க மேடுகளில் மஞ்சள் நிற வயோலாச் செடி வகை ஒன்று வளர்கிறது. உலோகம் மிகுந்த மண்ணுக்கே பழகிய செடி அது. இத்தகைய புல்வெளிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டம் பாதுகாக்கிறது. நஞ்சை அகற்றுகிறோம் என்று அந்த மேட்டை வழித்தெடுத்தால் அழிவது பாதுகாக்கப்பட்ட வாழிடம். ‘சுத்தம் செய்’ என்ற கட்டளை எல்லா இடத்திலும் சுற்றுச்சூழலுக்கு ஆதரவானதல்ல.

தங்கவயல்

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான பழைய சுரங்கம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும் வரை, வட ஆற்காட்டுப் பக்கமிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் தலைமுறைகள் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கின. மேலே எஞ்சியிருப்பது அரைத்துச் சலித்த கழிவுமண்: 13 குவியல்கள், சுமார் 3.3 கோடி டன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் மாரிக்குப்பத்திலிருந்தும் பார்த்தால் தெரியும் அந்தச் ‘சயனைடு மலை’களில் சினிமாப் படப்பிடிப்புகளும் நடந்திருக்கின்றன.

பெயரைக் கேட்டதும் எல்லோரும் அஞ்சுவது சயனைடுக்கு. தங்கத்தைக் கரைக்கப் பயன்பட்ட அந்தச் சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்தோ ஆவியாகியோ போய்விடக்கூடியது. இரும்போடு கட்டுண்ட பகுதிதான் நீண்ட காலம் தங்கும். சிதையவே சிதையாதவை வேறு: கனிமத்தோடு வந்த ஆர்சனிக், சல்ஃபைடு காற்றுப் பட்டு உண்டாக்கும் அமிலம், அந்த அமிலம் கரைத்து இழுத்துவரும் உலோகங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூசு. தங்கத்தை விடுவிக்கப் பாறையை மாவாக அரைத்தார்கள். அந்த மாவின் நுண்பகுதி காற்றுக் காலத்தில் எழுந்து வீடுகளுக்குள் வருகிறது. பாறையில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. சுரங்கத்துக்குள் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்த சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமான பொருளேதான். தெருவில் அதன் அளவு சுரங்கத்துக்குள் இருந்ததைவிட மிகக் குறைவுதான். ஆனால் சுரங்கத்தில் எட்டு மணி நேர ஷிஃப்டு. தெருவில் இருபத்து நான்கு மணி நேரமும், பச்சைக் குழந்தைக்கும் சேர்த்து.

எனவே தங்கவயலில் ஒரு மதிப்பீடு மேட்டில் நான்கு பிடி மண் எடுத்து மொத்த உலோகம் பார்ப்பதோடு முடிய முடியாது. காற்று வீசும் திசையில் உள்ள வீடுகளின் உட்புறத் தூசு, மழைக்குப் பின் மேட்டடியில் ஊறும் நீர், கிணறுகள், சுற்றுவட்டக் கேழ்வரகும் கீரையும், மேட்டோரம் மேயும் ஆடுகள் என்று வழிகளைப் பின்தொடர்ந்து போக வேண்டும். கீரைக்குத் தனிக் கவனம் தேவை: காட்மியத்தை இலைக்குள் ஏற்றிக்கொள்வதில் இலைக்காய்கறிகள் முன்னிற்பவை, ஈயமோ வேர்வழி அதிகம் ஏறுவதில்லை, இலைமேல் படியும் தூசாகவே வருகிறது. இரண்டாவதைக் கழுவிப் போக்கலாம், முதலாவதைக் கழுவ முடியாது.

இதைச் செய்யும் கடமை யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. கனிமப் பாதுகாப்பு விதிகள் சுரங்க மூடல் திட்டத்தைக் கட்டாயமாக்கியது 2003இல். தங்கவயல் மூடியது அதற்கு ஈராண்டு முன்பு. மாசுபட்ட நிலங்களைக் கண்டறிந்து சீராக்க ஒன்றிய அரசு 2025 ஜூலையில் புதிய விதிகளை வெளியிட்டது. சுரங்கப் பணிகளால் வந்த மாசை அவை விலக்கிவைக்கின்றன, அதற்கெனத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன என்ற காரணத்தோடு. தனிச் சட்டத்துக்கு முந்தியும் பொது விதிக்கு வெளியிலுமாக அந்த மேடுகள் நிற்கின்றன.

ஜப்பானில் நடந்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். வழக்குத் தொடுத்து மேல்முறையீட்டிலும் வென்ற தோயாமா மக்கள் 1972இல் கமியோக்கா சுரங்கத்தை நடத்திய மிட்சுயி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வேண்டியபோது சுரங்கத்துக்குள் சென்று ஆய்வு செய்யும் உரிமை ஊராருக்கு, செலவு நிறுவனத்துக்கு. அறிவியலாளர்களை உடன் அழைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அவர்கள் போனார்கள். ஆற்று நீரில் காட்மியம் இயற்கை அளவை நெருங்கும் வரை இறங்கியது. 860 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வயல்களில் மண் மாற்றும் பணி 2012இல்தான் முடிந்தது. மதிப்பீடு அங்கே ஒருமுறை எழுதி அடுக்கிவைத்த அறிக்கையாக இல்லாமல், நாற்பது ஆண்டு நடந்த வேலையாக இருந்தது.

தங்கவயலின் 13 குவியல்களிலும் எஞ்சிய தங்கத்தை எடுப்பதற்காக ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. பல பத்தாண்டுகளாக இறுகிய மேற்பரப்பு உடையும். அடியில் காற்றுப் படாமல் கிடந்த சல்ஃபைடு வெளியே வரும். மறுபடி சயனைடும் வரலாம். அரைத்த மண் வேறோர் இடத்தில் ஈரமாகக் கொட்டப்பட்டு அங்கே காயத் தொடங்கும். ஆகவே இன்றைய நிலையை மட்டும் அளந்து தரும் மதிப்பீடு அந்த வேலை தொடங்கும் நாளிலேயே பழசாகிவிடும். தூசு, கிணற்றுநீர், தோட்டக் கீரை, குழந்தைகளின் ரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் முதல் லாரி நகர்வதற்கு முன் எடுத்த அளவுகள் கையில் இருந்தால்தான், பின்னால் எடுப்பவற்றை எதனோடாவது ஒப்பிட முடியும். அந்த அளவுகளை ஏலம் எடுப்பவர் எடுப்பதா, எடுக்கச் செய்வது அரசா, உடன் நின்று பார்க்கும் உரிமை ஊராருக்கு உண்டா என்பவை ஏல ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டியவை.